முகாம் பெரியவர்களும் தடுப்பூசியும்: "பயம்" என்று சொல்லி முடித்துவிடலாமா?

மல்லி_நர்ஸ் (இழையைத் தொடங்கியவர்)

நேற்று வேறொரு இழையில் ஒருவர் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போனார்: "அகதி முகாமில் இருக்கும் கிழடுகள் ஊசி என்றாலே ஓடுகிறார்கள், படிப்பறிவு இல்லை, அவ்வளவுதான்." அங்கே பதில் எழுதினால் இழை திசைமாறிவிடும், அதனால் இங்கே தனியாக.

நான் தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழ் அகதிகளுக்கான முகாம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள். நர்சிங் முடித்துவிட்டுத் தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். 2021-ல் கொரோனா ஊசி போட வந்தபோது எங்கள் வரிசை வீடுகளுக்குப் போய்க் கூப்பிட்டவர்களில் நானும் ஒருத்தி.

எங்கள் பெரியவர்கள் ஊசிக்குப் புதியவர்கள் இல்லை, முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். அறுபத்தைந்து எழுபது தாண்டிய அம்மாக்களின் கையில் சின்ன வயதில் அம்மை குத்திய தழும்பு அப்படியே இருக்கிறது. ஊரில் மருத்துவிச்சி அம்மா வீடு தேடி வந்து பிள்ளையை நிறுத்துப் பார்த்து, ஊசிக்கு நாள் சொல்லிவிட்டுப் போன காலத்தை இன்றைக்கும் பெருமையாகப் பேசுகிறவர்கள் அவர்கள். இங்கே வந்த பிறகும் பேரப்பிள்ளைக்கு ஒரு ஊசி தவறினால் மருமகளைச் சும்மா விடமாட்டார்கள்.

பிறகு எங்கே மாட்டியது? மேசையில். ஒரு மேசை, ஒரு பெரிய நோட்டு, பெயர் சொல்லு, ஆதார் நகல் கொடு, போன் நம்பர் என்ன, இங்கே கையெழுத்துப் போடு. இதைப் பார்த்தால் உங்களுக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வரும். எங்கள் ஆட்களுக்கு 1992 ஞாபகம் வரும். 1991-ல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு எல்லாரையும் பதிவு செய்தார்கள், அடுத்த ஆண்டு ஜனவரியில் இலங்கைக்குத் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். "விருப்பத்தோடுதான் போகிறேன்" என்று கையெழுத்து வாங்கிய படிவம் ஆங்கிலத்தில் இருந்தது என்பது அந்தக் காலத்திலேயே வெளியே வந்து விவாதமான விஷயம். போகிறவர்கள் சம்மதித்துத்தான் போகிறார்களா என்று பார்க்க ஐ.நா. அகதிகள் அமைப்பான யு.என்.எச்.சி.ஆர். சென்னையில் அலுவலகம் திறந்ததே அதற்குப் பல மாதம் கழித்துத்தான். 1995 வரை ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் திரும்பிப் போனார்கள். அன்றைக்கு முப்பதுகளில் கைக்குழந்தையோடு அந்த வரிசையில் நின்றவர்கள்தான் இன்றைக்கு நாம் "வயதானவர்கள்" என்று சொல்கிற ஆட்கள்.

எங்கள் வரிசையில் ஓர் அம்மா, சர்க்கரை இருக்கிறது, ஒரு கண் சரியாகத் தெரியாது. என்னிடம் சொன்னது இதுதான்: "ஊசியப் போடு பிள்ளை, இந்தா கை. கையெழுத்து மட்டும் கேக்காதை."

---

தாமிரபரணி_77

சகோதரி, மரியாதையோடு ஒன்று கேட்கிறேன். எங்கள் ஊரிலும்தான் பெரியவர்கள் வரவில்லை. யாரும் எங்களை எங்கேயும் திருப்பி அனுப்பியது கிடையாது. 2021 ஏப்ரல் 15-ம் தேதி நடிகர் விவேக் எல்லார் முன்னாலும் ஊசி போட்டுக்கொண்டார், 17-ம் தேதி இறந்துபோனார். ஊசிக்கும் சாவுக்கும் தொடர்பில்லை என்று அரசு சொன்னது, பிறகு மத்தியக் குழுவும் ஆராய்ந்து அதையேதான் சொன்னது. யார் காதில் விழுந்தது? அந்த வாரம் எங்கள் தெருவில் ஊசி என்று வாயைத் திறக்க முடியவில்லை, என் அப்பா கோவிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தங்கச்சி வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். ஞாயிற்றுக்கிழமை மெகா ஊசி முகாம் வைத்தால் கறி சாப்பிட்டவன் வரமாட்டான், தண்ணி போட்டவன் வரமாட்டான் என்று அக்டோபரில் சனிக்கிழமைக்கு மாற்றினார்களே, அது அகதிகளுக்காகவா? எல்லாருக்கும் இருந்த பயம்தான். அதில் தனியாக வரலாற்றைக் கொண்டுவர வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

---

ஞாயிறு_பிரியாணி

சனிக்கிழமைக்கு மாற்றியதில் பாதிக்கப்பட்டவன் என்ற முறையில் ஆஜர். 😀

---

மல்லி_நர்ஸ்

தாமிரபரணி அண்ணா, விவேக் விஷயம் எங்கள் முகாமிலும் அப்படியே இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் உங்கள் அப்பாவுக்கு ஒளிந்துகொள்ள ஒரு தங்கச்சி வீடு இருந்தது. மூன்று மாதம் கழித்து மனம் மாறினால் எந்தப் பஞ்சாயத்துத் தலைவரை வேண்டுமானாலும் உரிமையோடு கேட்பார். எங்கள் ஆள் முகாமை விட்டு நாலு நாள் வெளியே தங்க வேண்டுமென்றால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். தணிக்கை நாளில் ஆள் இல்லையென்றால் கேள்வி வரும். வருவாய்த்துறை ஆளும் கியூ பிராஞ்ச் என்கிற போலீஸ் உளவுப் பிரிவு ஆளும் வந்து பெயர் கூப்பிடுவார்கள், நேரில் நின்றால்தான் அரசு மாதாமாதம் தருகிற பணக்கொடை. "வரமாட்டேன்" என்று சொல்கிற பழக்கமே எங்கள் பெரியவர்களிடம் இல்லை. அவர்கள் மறுப்பது எப்படியென்றால், காய்ச்சல் என்பார்கள், மகன் வரட்டும் என்பார்கள், காலையில் கஞ்சி குடிக்கவில்லை என்பார்கள். வெளியிலிருந்து வருகிறவர்கள் அதைக் கேட்டுவிட்டு "அலட்சியம்" என்று எழுதிக்கொண்டு போவார்கள்.

எங்கள் முகாமில் ஒரு பேச்சு ஓடியது: ஊசி போடாவிட்டால் பணக்கொடையை நிறுத்திவிடுவார்கள் என்று. அப்படி ஒரு உத்தரவும் இல்லை. ஆனால் அதைக் கேட்டுச் சில பேர் ஓடி வந்து போட்டுக்கொண்டார்கள், சில பேர் "அப்படியென்றால் இதில் ஏதோ இருக்கிறது" என்று இன்னும் பின்னால் போய்விட்டார்கள். கணக்கில் முதல் கூட்டத்தைச் சம்மதித்தவர்களாகத்தான் காட்டும்.

---

ஊசிமணி

கிராம சுகாதார செவிலியராக இருந்தவள் நான். எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

கோவிஷீல்டு ஒரு குப்பியில் 10 டோஸ். திறந்தால் 4 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், மிஞ்சினால் வீண். வீணானால் மேலே பதில் சொல்ல வேண்டியது நான்தான். முகாமின் கடைசி வரிசையில் நடக்க முடியாத இரண்டு பாட்டி இருக்கிறார்கள் என்று தெரியும், வீட்டுக்கே போய்ப் போடலாம் என்று மனசும் உண்டு, ஆனால் அந்த இரண்டு பேருக்காகக் குப்பியைத் திறக்கக் கை வராது. ஆளைக் கூட்டி வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத் திண்ணையில் உட்கார்ந்திருப்போம். அவர்களால் வர முடிந்தால்தானே? வீட்டுக்கு அருகிலேயே மையம் வையுங்கள் என்ற வழிகாட்டுதல் 2021 மே கடைசியில்தான் வந்தது, வீடு வீடாகப் போவது நவம்பருக்குப் பிறகுதான் சூடுபிடித்தது.

அடையாள அட்டை விஷயத்தில் ஒரு திருத்தம். அட்டை இல்லாதவர்களுக்கும் போடலாம், ஓர் ஒருங்கிணைப்பாளரின் எண்ணில் பதியலாம் என்று மே 6-ம் தேதியே மத்திய அரசு நடைமுறை வெளியிட்டுவிட்டது. நம் முகாம்களில் பெரும்பாலானோரிடம் ஆதாரும் உண்டு. அதனால் அட்டை இங்கே பெரிய தடையாக இருந்ததாக நான் நினைக்கவில்லை. தடையாக இருந்தது போன். அப்போது ஒரு எண்ணில் நான்கு பேரைத்தான் ஊசிக்குப் பதிகிற கோவின் தளத்தில் சேர்க்க முடிந்தது. வீட்டுக்கு ஒரு போன், அதுவும் மகன் கையில். அவர், மனைவி, தம்பி, மாமியார் என்று நாலு முடிந்துவிடும், ஐந்தாவது ஆள் எப்போதும் கிழவரோ கிழவியோதான். அந்தத் தளத்தில் வட்டார மொழிகளைச் சேர்த்தபோது முதல் பட்டியலில் தமிழ் இல்லாமல் போய், சத்தம் எழுந்த பிறகு சேர்த்த கதை எல்லாருக்கும் தெரியும்.

---

வரிசை_4

போன் பற்றி அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. நான் முகாமில்தான் இருக்கிறேன், பெயிண்ட் வேலை. முகாம் ஆண்களில் நிறையப் பேருக்கு இதுதான் தொழில் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வேலை கிடைத்தால் வேறு மாவட்டத்தில் கட்டடத்திலேயே தங்கிவிடுவோம். 2021 மே மாதம் கோவிஷீல்டு இரண்டாவது டோஸ் இடைவெளியை 12 முதல் 16 வாரம் என்று நீட்டினார்கள் அல்லவா, அப்பாவுக்கு இரண்டாவது ஊசிக்கான மெசேஜ் என் போனுக்கு வந்தது. நான் சாரத்தில் நிற்கிறேன், அவர் வீட்டில் இருக்கிறார். வீட்டுக்கு வந்த பிறகு சொன்னால், "முதல் ஊசிக்கே மூன்று நாள் எழும்ப முடியேல்லை, போதும்" என்றுவிட்டார். அவரைக் கேட்டால் இரண்டாவது என்று ஒன்று இருக்கிறதென்று யாரும் அவரிடம் சொல்லவே இல்லையாம். சொன்னதெல்லாம் என்னிடம்.

---

மல்லி_நர்ஸ்

எழும்ப முடியாத அந்த மூன்று நாளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஊசி போட்டால் ஒரு நாள் காய்ச்சல் வரும், ஒரு பாராசிட்டமால் போதும் என்று துண்டறிக்கையில் அச்சடித்திருப்பார்கள். பழைய முகாம் வீடு என்பது பத்துக்குப் பத்து, மேலே தகரமோ சிமெண்ட் ஷீட்டோ. ஏப்ரல் வெயிலில் காய்ச்சலோடு அதற்குள் படுத்துப் பாருங்கள். கக்கூஸ் பொதுவில், வரிசைகளுக்கு அந்தப் பக்கம், ராத்திரி விளக்கு எரிந்தால் உண்டு. எழுபது வயதில் முட்டி வலியோடு காய்ச்சலும் சேர்ந்தால் ராத்திரி அவ்வளவு தூரம் போக வேறொருவர் தோளைப் பிடிக்க வேண்டும். மகள் கூலி வேலைக்குப் போகிறவள், ராத்திரி இரண்டு தடவை எழுப்பினால் காலையில் அவளுக்கு வேலை போச்சு. அந்த அம்மா ஊசிக்கு முதல் நாளே இதையெல்லாம் மனசுக்குள் போட்டுப் பார்த்துவிடுகிறார். தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுகிறவர்களும் உண்டு, அப்புறம் தலைசுற்றல், ஊசிதான் காரணம் என்று பக்கத்து வீட்டில் பேச்சு. இதில் எதைப் "பயம்" என்ற பெட்டியில் போடுவீர்கள்?

புதிய வீடுகள் கட்டும் திட்டம் 2021 ஆகஸ்டில் அறிவித்தார்கள், பல முகாம்களில் கட்டியும் கொடுத்துவிட்டார்கள், நல்லது. எல்லா வரிசைக்கும் அது வந்து சேரவில்லை.

---

நாஃப்_கரை

நான் வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில், மியன்மாரிலிருந்து தப்பி வந்த ரோஹிங்கியா மக்களின் முகாம்களில் ஒரு தொண்டு நிறுவனத்துக்காக வேலை பார்த்தேன். ஊர் வேறு, கதையின் எலும்பு ஒன்றுதான், அதனால் எழுதுகிறேன்.

அங்கே வயதானவர்களுக்குத்தான் முதலில் கொடுத்தார்கள். 2021 ஆகஸ்ட் 10-ம் தேதி தொடங்கினார்கள், 55 வயதுக்கு மேற்பட்டவர்கள், கிட்டத்தட்ட 48,000 பேர், சினோஃபார்ம் ஊசி. அதற்கு முன்பே, மார்ச்சிலேயே தொடங்குவதாகத்தான் பேச்சு. இந்தியாவில் இரண்டாவது அலை அடித்து ஏற்றுமதி நின்றதும், ஏழை நாடுகளுக்கு ஊசி பகிர்ந்து கொடுத்த கோவாக்ஸ் திட்டத்தின் கையில் சரக்கில்லாமல் போய்விட்டது. வருகிறது வருகிறது என்று சொல்லி ஐந்து மாதம் வராத பொருளை, வந்த அன்றைக்கு நம்பு என்றால் யார் நம்புவார்கள்? ஜூலைக் கடைசியில் பெருமழை, மண்சரிவு, ஆயிரக்கணக்கானவர்களின் குடில் போயிற்று. அதிலிருந்து இரண்டு வாரத்தில் ஊசி. மலைமேல் சேற்றில் சறுக்கிக்கொண்டு கிழவர்களை மூங்கில் கழியில் கட்டிய நாற்காலியில் வைத்துத் தூக்கிவந்ததைப் பார்த்திருக்கிறேன்.

2019 செப்டம்பரிலிருந்து ஏறத்தாழ ஒரு வருடம் முகாம்களில் வேகமான இணையத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். கொரோனா வந்த முதல் மாதங்கள் முழுக்க அதற்குள் அடக்கம். அந்த இடைவெளியில் பரவிய வதந்தி என்ன தெரியுமா, நோய் வந்தவர்களைக் கொண்டுபோய்க் கொன்றுவிடுகிறார்கள் என்பது. அரசாங்கமே துரத்திச் சுட்ட அனுபவம் உள்ளவர்களுக்கு அது நடக்காத காரியம் என்று எப்படிப் புரியவைப்பீர்கள்? கடைசியில் எடுபட்டது இமாம்களும் முகாமிலேயே பயிற்சி கொடுத்த தொண்டர்களும் சொன்னதுதான். பெண்களுக்குத் தனித் தடுப்பும் பெண் செவிலியரும் இருந்த மையத்துக்குப் பாட்டிமார் வந்தார்கள், இல்லாத மையத்துக்கு வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பினார்கள்.

ஜோர்டானில் 2021 ஜனவரியிலேயே அகதிகளையும் தேசியத் திட்டத்தில் சேர்த்து ஊசி போட்டார்கள், பிப்ரவரியில் சிரிய அகதிகளின் ஸாத்தாரி முகாமுக்குள்ளேயே மையம் வந்துவிட்டது. பக்கத்து நாடான லெபனானில் ஏட்டில் எல்லாருக்கும் அனுமதி, ஆனால் இணையத்தில் பதிய வேண்டும். ஏப்ரல் வாக்கில் ஊசி போட்டுக்கொண்டவர்களில் சிரிய, பாலஸ்தீன அகதிகள் 3 சதவீதம்கூட இல்லை, மக்கள்தொகையில் குறைந்தது 30 சதவீதம் அவர்கள். தங்கும் அனுமதி காலாவதியான பெரியவர் அரசாங்கத் தளத்தில் தன் பெயரை எதற்குத் தட்டப் போகிறார்?

---

தாமிரபரணி_77

சரி, வரலாற்றை எதற்கு இழுக்கிறீர்கள் என்று கேட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன், ஆனால் கக்கூஸ் விஷயம் யோசிக்க வைத்தது. எனக்குத் தோன்றுகிற எளிய வழி: தணிக்கை நாளில் எல்லாரும் முகாமில் இருந்தே ஆக வேண்டும் என்கிறீர்கள். மகன்களும் வேலையை விட்டுவிட்டு வந்திருப்பார்கள். அன்றைக்கே ஊசி மேசையையும் போட்டால் என்ன? ஒரே நாளில் முடிந்துவிடுமே.

---

மல்லி_நர்ஸ்

வேண்டவே வேண்டாம். தயவுசெய்து இந்த யோசனையை எந்த அதிகாரி காதிலும் போட்டுவிடாதீர்கள், அவர்களுக்கும் ரொம்பப் பிடித்துப்போகும். கியூ பிராஞ்ச் மேசைக்குப் பக்கத்தில் ஊசி மேசை இருந்தால் அது ஊசி மேசை இல்லை. பெயர் கூப்பிட்டதும் எழுந்துபோய் நிற்பது முப்பது வருடப் பழக்கம். ஊசிக்கும் அப்படித்தான் எழுந்து நிற்பார்கள், சம்மதம் கேட்டால் தலையாட்டுவார்கள், எனக்கு மாரடைப்பு வந்திருக்கிறது, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறேன் என்பதைச் சொல்லமாட்டார்கள். பிறகு யாருக்காவது ஏதாவது ஆனால் அடுத்த பத்து வருடத்துக்கு எந்த ஊசியும் அந்த முகாமுக்குள் நுழைய முடியாது. நாஃப் கரை அண்ணா சொன்ன இமாம் வேலையைக் கியூ பிராஞ்ச் செய்யாது.

---

வரிசை_4

மல்லி அக்கா, நீங்கள் வெளியே வேலைக்குப் போய்விட்டீர்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள். கொள்கையாக நீங்கள் சொல்வது சரி. ஆனால் நான் வீட்டில் இருக்கிற ஒரே நிச்சயமான நாள் தணிக்கை நாள். அப்பாவைக் கைப்பிடித்துக் கூட்டிப்போக, காய்ச்சல் வந்தால் அடுத்த நாள் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். வேறொரு நாள் வைத்தால் ஒரு நாள் கூலி போகும், அவருக்கே அது தெரிந்து "நீ வேலைக்குப் போ" என்பார். உங்கள் நாள் நல்ல நாளாக இருக்கும், ஆனால் ஆள் இருக்காது.

---

மல்லி_நர்ஸ்

கோபம் இல்லை தம்பி. அதே நாள்தான் வசதி என்றால் இடத்தையாவது மாற்றட்டும். தணிக்கை முடிந்து சாயங்காலம், கோவில் பக்கமோ மாதா கெபி பக்கமோ, காக்கிச் சட்டை போன பிறகு. இதற்கு மேல் இறங்கிவர மாட்டேன்.

---

ஈஸ்ட்ஹாம்_அண்ணன்

லண்டனிலிருந்து. பணக்கார நாட்டில் இதெல்லாம் இருக்காது என்று நினைப்பவர்களுக்காக. இங்கிலாந்தில் ஜி.பி. என்கிற குடும்ப மருத்துவரிடம் பதிய அடையாள அட்டையும் வேண்டாம், முகவரிச் சான்றும் வேண்டாம், விசா நிலையும் கேட்கக்கூடாது. விதி அப்படி. வரவேற்பு மேசையில் இருப்பவர் பாஸ்போர்ட் கேட்பார், நம் அம்மா திரும்பி வந்துவிடுவார். இது எனக்குத் தெரிந்த குடும்பத்தில் நடந்தது.

பதிந்துவிட்டாலும், "முன்பு என்னென்ன ஊசி போட்டிருக்கிறீர்கள்" என்று கேட்பார்கள். முள்ளிவாய்க்காலில் உடுத்த உடுப்போடு வந்தவரிடம் தடுப்பூசி அட்டையா? நம்பகமான பதிவு இல்லையென்றால் போடாதவராகவே கணக்கில் எடுத்து மறுபடி தொடங்கச் சொல்லித்தான் இங்கே வழிகாட்டுதல், அதனால் அட்டை இல்லை என்று வெட்கப்பட வேண்டியதே இல்லை. ஆனால் அம்மாவிடம் அதை யார் சொல்கிறார்கள்? மொழிபெயர்ப்பாளர் கேட்டால் இலவசமாகத் தருவார்கள், கேட்க வேண்டும் என்று தெரியாததால் பேத்தி பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு வந்து பேசுகிறாள். பதினாலு வயதுப் பிள்ளை முன்னால் பாட்டி தன் உடம்பைப் பற்றி என்ன சொல்லிவிடப் போகிறார். ஃப்ளூ ஊசி 65-க்கு மேல் இலவசம், அக்கி ஊசி உண்டு, 2024 செப்டம்பரிலிருந்து 75 ஆனவர்களுக்கு ஆர்.எஸ்.வி. என்கிற நுரையீரல் தொற்றுக்கான ஊசியும் வந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் அழைப்பு ஆங்கிலக் கடிதமாகவோ மெசேஜாகவோ வரும். புகலிட விண்ணப்பத்தில் இருப்பவரை உள்துறை ஆறு மாதத்தில் வேறு ஊருக்கு மாற்றியிருக்கும், கடிதம் பழைய வீட்டுக் கதவடியில் கிடக்கும்.

---

ஊசிமணி

அண்ணன் சொன்ன ஊசிகளை இங்கே நினைத்துப் பார்க்கிறேன். கொரோனா ஊசி இலவசமாக வந்தது, அதனால் அதைப் பற்றிச் சண்டையாவது போட முடிகிறது. ஃப்ளூ, நிமோனியா ஊசியெல்லாம் நம் நாட்டில் பெரியவர்களுக்கான இலவசத் திட்டத்தில் இல்லை. வெளியே ஃப்ளூ ஊசி ஒன்று ஆயிரம் ரூபாய்க்கு மேல், நிமோனியாவுக்குச் சில ஆயிரம். 2021-ல் உயர்த்திய பிறகு பணக்கொடை குடும்பத் தலைவருக்கு 1,500, மற்றப் பெரியவர்களுக்கு 1,000. ஒரு மாதப் பணத்தை ஓர் ஊசிக்குக் கொடு என்று நான் எந்த வாயால் சொல்வேன்? நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள், எல்லாம் சேர்ந்தும் அறுபதாயிரம் பேர்கூட இல்லை. அதில் அறுபது தாண்டியவர்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள், அரசு மனசு வைத்தால் பெரிய செலவே இல்லை.

இன்னொன்று, மல்லி மாதிரிப் பெண்கள் முகாமில் நிறைய நர்சிங் படித்திருக்கிறார்கள். குடியுரிமை இல்லாததால் அரசு வேலைக்கு வர முடியாது. அந்த அம்மா யாரிடம் கையை நீட்டுவாரோ அவருக்கு எங்கள் வேலையைக் கொடுக்க முடியாதபடி வைத்திருக்கிறோம்.

---

மல்லி_நர்ஸ்

நன்றி அக்கா. ஒரு யோசனை, நீங்கள் சொல்லுங்கள் நடக்குமா என்று. புதன்கிழமை குழந்தைகளுக்கு ஊசி போடும் நாள். முகாமில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவது பெரும்பாலும் பாட்டிதான், அம்மா வேலைக்குப் போயிருப்பாள். அந்தக் கூட்டத்தில் செவிலியரோடு சண்டை போடுகிற அளவு உரிமை பாட்டிமாருக்கு உண்டு, போலீஸ் வராது, பெயர் கூப்பிடுவது கிடையாது. அடுத்த முறை பெரியவர்களுக்கு என்ன ஊசி வந்தாலும் அந்த இடத்தில், அந்த அக்கா கையால், பேரனுக்குப் போட்ட கையோடு பாட்டியிடமும் கேட்கட்டும். பத்து டோஸ் குப்பிக்குப் பத்துப் பாட்டியும் அங்கேயே கிடைப்பார்கள்.

---

ஊசிமணி

நடக்கும். மேலே எழுதிக் கேட்க வேண்டியதுகூட அதிகமில்லை, மருத்துவ அலுவலர் சரியென்றால் போதும். கையெழுத்துக்குப் பதில் வாயால் சம்மதம் கேட்டு நாங்கள் குறித்துக்கொள்ளலாமா என்றும் அவரிடம்தான் பேச வேண்டும்.

---

வரிசை_4

பாட்டிமார் சரி. எங்கள் அப்பா மாதிரி ஆட்கள்? புதன்கிழமை அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டார்.

---

மல்லி_நர்ஸ்

சர்க்கரை மாத்திரை யாரிடம் வாங்குகிறார்?

---

வரிசை_4

மக்களைத் தேடி மருத்துவத்தில் வரும் அக்கா வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார். ரத்த அழுத்தம் பார்க்கும்போது வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் மனிதர், அந்த அக்காவிடம் மட்டும் எதிர்த்துப் பேசுவது கிடையாது. அடுத்த முறை அவர் வரும்போது நான் இருக்கமாட்டேன், அம்மாவிடம் சொல்லிக் கேட்கச் சொல்கிறேன்.

---

மல்லி_நர்ஸ்

அம்மா வழியாக வேண்டாம். அந்த அக்காவின் நம்பரை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், நானே பேசுகிறேன். அவர் உங்கள் அப்பாவிடம் நேராகக் கேட்கட்டும்.